பதினோரு வட்டங்கள்

ஞாயிறு காலை

அன்பு மகள் சிட்டுவுக்கும் மாப்பிள்ளைக்கும்,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முக்கால்வாசி சௌக்கியம் என்று வைத்துக்கொள். மீதிக் கால்வாசி நான். எனக்கும் பயப்படும்படி ஒன்றுமில்லை. உன் அம்மா வேறுவிதமாக எழுதியிருப்பாள். அவள் கடிதம் முதலில் வந்திருந்தால் அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி.

விஷயம் இதுதான். எனக்குப் படை வந்திருக்கிறது. சோப்பு மாற்றினால் போகிற படை இல்லை, அசுணப்படை.

எங்கள் பட்டறை அசுணத்தை நீ பார்த்ததில்லை. நீ கல்யாணமாகிப் போன மறு வருஷம்தான் முதலாளியம்மா மலைப்பக்கம் போய் வாங்கி வந்தார். மாப்பிள்ளை ஊரில் அந்த ஜாதியே கிடையாது என்று நீ ஒரு தடவை எழுதியிருந்தாய், அதனால் அவருக்காகவும் சொல்கிறேன். ஆட்டைவிட உயரம், கழுதையைவிடக் குள்ளம். சாம்பலும் நீலமும் கலந்த ரோமம். காது இரண்டும் முழங்கால் வரை தொங்கும். நனைந்த குடையை அப்படியே மடித்து வைத்தால் ஒரு வாசனை வருமே, அந்த வாசனை. நடையைப் பார்த்துவிட்டு நாங்கள் வைத்த பெயர் சீமாட்டி.

அவளுக்கு வேலை என்னவென்றால், நாங்கள் வார்க்கும் ஒவ்வொரு மணியையும் ஆறின பிறகு உத்தரத்தில் தொங்கவிட்டு மரச் சுத்தியலால் மூன்று தட்டு தட்டுவோம். நாதம் சுத்தமாக இருந்தால் சீமாட்டி அசைபோட்டுக்கொண்டே வந்து மணியின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொள்வாள். நூலளவு பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பாள். அன்றைக்குத் தீவனமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முதலாளியம்மா வந்து சமாதானம் சொல்ல வேண்டும். நம் வீட்டில் இப்படி ஒருத்தியை ஏற்கெனவே பார்த்திருப்பதால் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. இந்த வரியை அம்மாவிடம் சொல்லாதே.

போன மாதம் சீமாட்டி உடம்பில் வட்டம் வட்டமாக ரோமம் கொட்டியது. தூணில் தேய்த்துத் தேய்த்துத் தூணே வழவழவென்று ஆகிவிட்டது. தீவனக்காரர் கால் சுளுக்கி வீட்டில் கிடந்தார். அவளைச் சீவிவிட ஆள் வேண்டும், நான் போனேன். கையுறை போட்டுக்கொண்டுதான் போனேன். நான் கிட்டே போனாலே அவள் பின்னங்கால் இரண்டையும் தூக்கினாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. முதலாளியம்மாதான் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "தோல் உறை கிறீச் கிறீச்னு சத்தம் போடுது, அதான் அவளுக்குப் பிடிக்கல." எனக்கு எப்படித் தெரியும்? ஆறு வருஷமாக என் காதில் இடி விழுந்தாலும் தெரியாது. கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் சீவினேன். ஆட்டுக்குட்டி மாதிரி நின்றாள்.

நாலாம் நாள் வலது மணிக்கட்டில் முதல் வட்டம் வந்தது. ஈர டம்ளரை மேஜையில் வைத்து எடுத்தால் ஒரு தடம் தெரியுமே, அந்த அளவு. நிறம் மட்டும் புறாக் கழுத்து நிறம். கையைத் திருப்பினால் பச்சை, இன்னும் திருப்பினால் ஊதா. ஓரத்தில் மீன் செதிள் மாதிரி பொடி உதிர்கிறது. இன்றைய கணக்குக்கு இரண்டு கையிலுமாக ஏழு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அரிப்பு மட்டும் இல்லாவிட்டால் மோதிரம் மாதிரி காட்டிக்கொண்டு திரியலாம்.

தோல் வைத்தியரம்மா வந்து பார்த்தார். இதற்கு ஒரு தைலம் உண்டாம். மலையில் ஒரே ஒரு மரத்தின் பிசினில் காய்ச்சுவது. கையிருப்பு இருந்ததெல்லாம் சீமாட்டி ஒருத்திக்கே சரியாகப் போயிற்று. மனுஷனுக்கு அடுத்த சரக்கு வந்தால்தான். அதுவரை நான் பட்டறை மேல்மாடி அறையில் தனியாக இருக்க வேண்டும். பெரியவர்களைத் தொட்டால் ஒட்டுவது அபூர்வமாம். பால் பல் விழாத பிள்ளைகளுக்கு மட்டும் உடனே ஒட்டும், காய்ச்சலும் கடுமையாக வரும் என்கிறார். அதனால் சட்டமே இருக்கிறது: படை உள்ளவன் அந்த வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் தங்கக்கூடாது.

நீ இதைப் படித்துவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டு யோசிப்பாய். யோசிக்காதே. உனக்கு இன்னும் மூன்று மாதம் முழுசாக இருக்கிறது. அதற்குள் இரண்டு சரக்கு வண்டி வந்துவிடும். பிரசவத்துக்கு இங்கேதான் வருகிறாய்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது. அச்சுகளை மேலே தூக்குகிற கப்பியும் கயிறும் அப்படியே இருப்பதால், அதில் ஒரு கூடையைக் கட்டி அம்மா மூன்று வேளையும் சாப்பாடு அனுப்புகிறாள். சாப்பாட்டோடு சிலேட்டும் வரும். நேற்று வந்தது: "ஜன்னல்ல நின்னு சொறியாதீங்க. பொடியெல்லாம் என் தலையில விழுது. தெருவே பாக்குது."

உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அப்பா


புதன் மதியம்

என் சிட்டு,

உன் கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் வடிந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. மாப்பிள்ளை சமைத்த கதையை அம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். கீழே நின்று படித்து, சிரித்து, கூடைக்காரி மாதிரி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது நான் எழுதப் போவதை நீ நம்பவேண்டும். காய்ச்சலில் உளறுகிறேன் என்று நினைக்காதே, எனக்குக் காய்ச்சல் இல்லை. அறைக்கதவைச் சாத்திவிட்டு நாலு தடவை சோதித்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

எனக்குச் சத்தம் தெரிகிறது.

காதில் இல்லை. காது பழையபடிதான், இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்த மாதிரி. கையில் தெரிகிறது. வட்டம் இப்போது மொத்தம் பதினொன்று: வலதில் ஆறு, இடதில் ஐந்து. முதலில் வெறும் அரிப்பு என்றே இருந்தேன். ஆனால் அந்த அரிப்பு ஒரு நாள் காலையில் ஒரு தாளத்தில் வந்தது. விட்டு விட்டு, ஒரே அளவில். இது என்னடா கூத்து என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், எதிர்வீட்டு வாசலில் சாணைக்காரர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். அவர் கத்தியை வைத்தால் கை அரிக்கிறது, எடுத்தால் நிற்கிறது. நான் தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தரையில் தட்டினேன். முழங்கைக்குக் கீழே இருக்கிற வட்டத்தில் சுரீர் என்றது. போர்வையைப் போட்டு அதன்மேல் தட்டினேன். இறகால் வருடினாற்போல் இருந்தது. பிறகு செம்பு நசுங்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன். கீழே வேலை செய்கிறவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று படியேறி வந்து பார்த்தார்கள்.

அன்றைக்கு மதியம் கீழே ஒரு மணியைத் தொங்கவிட்டார்கள். துறைமுகத்துக்குச் செய்த மணி, ஆள் உயரம். நான் அச்சுப் பிடித்ததுதான். முதல் தட்டு தட்டினார்கள். சிட்டு, நான் எப்படிச் சொல்வேன்? மணிக்கட்டில் வெந்நீரை ஊற்றினாற்போல் ஆரம்பித்து, ஒவ்வொரு வட்டமாக ஏறி, தோள் வரை போய், திரும்பி மெல்ல இறங்கியது. இறங்கி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்கிறாய்? நான் மூச்சை விடாமல் நின்றேன். இரண்டாவது தட்டுக்கு உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவதுக்கு அழுதுவிட்டேன். என் கையால் செய்த மணி என்ன சொல்கிறது என்று எனக்கு ஆறு வருஷம் கழித்துத் தெரிந்தது.

வைத்தியரம்மாவிடம் எழுதிக் கேட்டேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அசுணத்துக்கே தோலில்தான் பாதிக் காது என்றார். இந்தப் படை வந்தவர்கள் எல்லோருக்கும் சத்தம் கேட்டால் அரிப்பு கூடுமாம். காது இருக்கிறவனுக்கு அது வெறும் அரிப்பு, திட்டிவிட்டுச் சொறிந்துகொள்வான். காது போன ஆள் இதுவரை அவரிடம் வந்ததில்லையாம்.

சரி, இனிமேல்தான் முக்கியமான சேதி. உன் அம்மா பாடுவாள் என்று உனக்குத் தெரியுமா?

மறுநாள் காலை நான் ஜன்னலை விட்டுத் தள்ளி, சுவர் ஓரமாக உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். கூடை வருகிற நேரம். இடது கையில் படபடவென்று வந்தது. நிற்காமல், மூச்சு விடாமல், கடைசியில் ஒரு வெட்டு. யார் என்று எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முப்பத்தொரு வருஷம் வாங்கின திட்டு. வார்த்தை விளங்காது. ஆனால் ஏற்ற இறக்கம் அத்தனையும் அப்படியே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் திட்டு நின்றது. கயிற்றில் கூடையைக் கட்டுகிறாள் போலிருக்கிறது. அப்போது வேறு ஒன்று வந்தது. படபடப்பு இல்லை. நீளமாக, வளைந்து, ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போனது. மெல்ல எழுந்து திரைச்சீலை ஓரமாகப் பார்த்தேன். அண்ணாந்து கப்பியைப் பார்த்தபடி, முடிச்சுப் போட்டுக்கொண்டே, வாயைப் பாதி திறந்து பாடிக்கொண்டிருக்கிறாள்!

எனக்குக் காது நன்றாக இருந்த இருபத்தைந்து வருஷமும் நான் மணிக்குள் தலையை விட்டு அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ரீங்காரம் அடங்கவே படுக்கிற நேரம் ஆகும். அவள் பாடினாளா என்று நான் கேட்டதும் இல்லை, கவனித்ததும் இல்லை. காது போன பிறகு கவனித்து என்ன?

நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று பயம். அஞ்சு நாள் திருடன் மாதிரி சுவரோரம் உட்கார்ந்து சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு காத்திருந்தேன். பொத்தான் தைக்கச் சட்டையே மிச்சமில்லை.

ஆறாம் நாள் மாட்டிக்கொண்டேன். கப்பிக் கயிறு அறுந்துவிட்டதால் அவளே தூக்குச்சட்டியோடு படியேறி வந்தாள். நான் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படியில் நின்று, எனக்குக் கேட்காது என்று தெரிந்தும், பழக்கதோஷத்தில் "ஏங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். நான் திரும்பிவிட்டேன்.

தூக்குச்சட்டி கை நழுவிப் படிப்படியாக உருண்டு கீழே போயிற்று. அந்தச் சத்தம் வேறு தனியாக முழங்கையைக் கடித்தது. அவள் சட்டியைப் பார்க்கவில்லை. என்னை மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிச் சைகை காட்டினாள். நின்றேன். "ஏங்க." திரும்பினேன். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எத்தனை முறை என்று எனக்கு நினைவில்லை. கடைசியில் சிலேட்டை எடுத்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

"கேக்குதா?"

"கை கேக்குது" என்று எழுதினேன்.

"எத்தனை நாளா?"

"அஞ்சு."

முகம் சிவந்துவிட்டது. "அஞ்சு நாளா நான் கீழ நின்னு பேசினது எல்லாம்?"

"வார்த்தை தெரியாது. ராகம் மட்டும்தான்."

அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தாள் பார், என் தங்கையைப் பற்றி என்னென்ன சொன்னாளோ! பிறகு படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்ணால் தெரியவில்லை. கையில் தெரிந்தது. இரண்டும்தான்.

இன்னும் ஒரு சந்தோஷம். போன வாரம் ஒரு சின்ன மணியைத் தட்டினபோது வலது கையில் மூன்றாவது வட்டத்தில் காஞ்சொறி பட்டாற்போல் குத்தியது. "கீழ் விளிம்பில் ஒரு பக்கம் தடிப்பு" என்று எழுதிக் கூடையில் இறக்கினேன். அதே நேரத்தில் கீழே சீமாட்டி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாளாம். முதலாளியம்மா அளந்து பார்த்தார். தடிப்புத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் இரண்டு தீர்ப்பு வாங்குகிறார்கள், கீழே ஒன்று, மேலே ஒன்று.

இதையெல்லாம் எழுதும்போதே அரிக்கிறது. தெருவில் யாரோ தும்முகிறார்கள்.

ஆசிகளுடன்
அப்பா


செவ்வாய் மாலை

என் கண்ணு சிட்டு,

உன் கடிதம் நேற்று வந்தது. அதில் ஒரு வரி எனக்குப் புரியவில்லை. "அம்மா எழுதினபடி பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். அம்மா என்ன எழுதினாள் என்று அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை. ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் முதல் வேலையாகப் போய் மறுபடி வாங்கு. ஏன் என்று முழுசாகச் சொல்கிறேன்.

தைலம் வந்து மூன்று வாரம் ஆகப்போகிறது. குப்பியைக் கையில் கொடுக்கும்போதே வைத்தியரம்மா ஜன்னலோரமாக உட்கார வைத்து நீளமாக எழுதிக் காட்டினார். படை வந்து இரண்டு மாதத்துக்குள் தைலம் போட ஆரம்பித்தால் நாற்பது நாளில் மறைந்துவிடும். தள்ளிப்போட்டால் வட்டம் தோலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் ஆயுசுக்கும் போகாது. அரிப்பு குறையும், பொடி உதிர்வது நிற்காது. அதாவது உன் பிள்ளைக்குப் பால் பல் விழுகிறவரை நான் தொடக்கூடாது, அது இருக்கிற வீட்டில் நான் இருக்கக்கூடாது. இதை எழுதிவிட்டு அவர் சிலேட்டைத் துடைத்து, இன்னொன்றும் எழுதினார்: "வட்டம் போனா அந்தச் சத்தமும் போயிடும். யோசிச்சு முடிவு பண்ணுங்க. யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டாங்க."

அவசரப்படுத்தாமல் இருந்தால்தானே. முதலாளியம்மா மறுநாளே மாடிக்கு வந்துவிட்டார். தைலம் போடாதீர்கள், உங்களைத் தலைமைச் சோதனையாளராக வைத்துக்கொள்கிறேன், மேல்மாடி முழுவதையும் வீடாகக் கட்டித் தருகிறேன் என்றார். சீமாட்டி பிடிக்கவில்லை என்று மட்டும்தான் சொல்வாள், எங்கே தப்பு என்று சொல்ல மாட்டாள், நீங்கள் இடத்தையே காட்டுகிறீர்கள் என்று எழுதினார். நியாயம்தான். ஆறு வருஷமாக, பாவம் காது போனவர் என்று எல்லோரும் தோளில் தட்டிவிட்டுப் போகிற ஆளாக இருந்தேன். திடீரென்று பட்டறையே என் கையைப் பார்த்து நிற்கிறது. ஆசை வராமல் இருக்குமா? வந்தது. ஒரு வாரம் குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

அந்த வாரத்தில்தான் அம்மா எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதியிருக்கிறாள். நேற்று உன் கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். அப்புறம் சிலேட்டை வாங்கி, அந்த வாரம் தன் மனசில் இருந்ததை அழுத்தி அழுத்தி எழுதினாள். பலப்பம் இரண்டாக உடைந்தது. "ஆறு வருஷம் சுவத்தோட பேசின மாதிரி இருந்துச்சு. இப்பதான் வீட்டுல ஒரு ஆள் கிடைச்சிருக்கு. பிள்ளையை அவ மாமியார் தூக்கட்டும், ஊரே தூக்கட்டும். நீங்க கேட்டுக்கிட்டு இருங்க."

சிட்டு, அவள் உன்னிடம் தொட்டில் துணி தைத்து வைத்திருப்பதைச் சொல்லியிருக்க மாட்டாள். பதினாறு. ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு குருவி. நான் தைலம் போடாவிட்டால் அவளும் என்னோடு இந்த மாடியில்தான் இருக்க வேண்டும். பொடி அவள் துணியிலும் இருக்கும். அவளும் பிள்ளையைத் தொட முடியாது. அது தெரிந்துதான் எழுதியிருக்கிறாள். அவ்வளவு பெரிய விஷயத்தை எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று நான் எழுதினதற்கு என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆனால் அவள் எழுதியது எனக்குத் தெரியவரும் முன்பே நான் முடிவெடுத்துவிட்டேன். போன வாரம் திங்கட்கிழமை காலையில் குப்பியைத் திறந்தேன். இன்றோடு ஒன்பது நாள். தைலம் அழுகின மீன்வலை நாற்றம் நாறுகிறது. சீமாட்டி தன் உடம்பு முழுக்க இதைப் பூசிக்கொண்டு ஒரு மாதம் திரிந்தவள், இப்போது ரோமம் முளைத்து மினுமினுவென்று ஆகிவிட்டாளாம், என் நாற்றம் மாடியிலிருந்து இறங்கினால் மூக்கைச் சுளிக்கிறாளாம்.

முடிவெடுத்தது எப்படி என்று கேட்டால், பெரிய யோசனை ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். தெருவில் ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிள்ளை தூங்கிவிட்டது. அவர் சட்டை முழுக்க எச்சில். அதைத் துடைக்கக்கூட இல்லை, அப்படியே போனார். எனக்கு அந்தச் சட்டைமேல் பொறாமையாக இருந்தது. நீ பிறந்தபோது எனக்குக் காது இருந்தது. நீ அழுத சத்தம் எனக்கு இப்போது நினைவில்லை. நீ என் தோளில் தூங்கின கனம் மட்டும் இன்னும் இந்த இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். மறுநாள் குப்பியைத் திறந்தேன்.

அம்மாவுக்கு நாற்றத்திலேயே தெரிந்துபோயிற்று. அன்று முழுக்கக் கோபம். பேசினால்தானே கேட்பீர்கள் என்று வாயையே திறக்கவில்லை. ஒரு வெறும் கூடை வந்து வெறும் கூடை போனது. கை இரண்டும் ஒரு சலனமும் இல்லாமல் கிடந்தன. அதற்குப் பேர்தான் நிசப்தம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மறுநாள் காலை என்ன செய்தாள் தெரியுமா? வீட்டிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து என் ஜன்னலுக்கு நேர்கீழே தெருவில் போட்டு உட்கார்ந்தாள். அண்ணாந்து பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம். மிச்சம் இருக்கிற நாளை வீணாக்கக்கூடாதாம். அன்றிலிருந்து தினமும் வருகிறாள். பேப்பர் படிக்கிறாள், அக்கம்பக்கத்துக் கதை சொல்கிறாள், ஒரு வார்த்தைகூட எனக்கு விளங்காது என்று தெரிந்தும் நடுவில் நிறுத்தி என் தலையாட்டலுக்குக் காத்திருக்கிறாள். நானும் ஆட்டுகிறேன். கடைசியில் வெட்கத்தோடு ஒரு பாட்டு. முதல் இரண்டு நாள் தெருவில் போகிறவர்கள் யாரோ பாவம் என்று பார்த்தார்கள். இப்போது சாணைக்காரர் அவள் பாடுகிற நேரத்தில் கத்தி தீட்டுவதை நிறுத்திவிடுகிறார். முதலாளியம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், முந்தாநாள் தானாகவே கிடங்கில் இருந்த மணிகளை எல்லாம் வெளியே எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டார். சின்னதிலிருந்து பெரியது வரை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு மேலே பார்த்தார். எல்லாம் நான் அச்சுப் பிடித்தவை. தீவனக்காரர் சீமாட்டியைக் கூட்டிவந்து நிறுத்தினார். அவளும் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தபடி காதை விசிறிக்கொண்டு நின்றாள். எங்கள் இரண்டு பேருக்காக மட்டும் நடந்த கச்சேரி அது. நான் ஜன்னலில் நின்று இரண்டு கையையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதுவும் வந்தது, மழைத்தூறல் மாதிரி.

வட்டங்கள் மணிக்கட்டிலிருந்து மேலே மேலே மறைந்துகொண்டு வருகின்றன. ஏழு பாக்கி. இன்னும் ஆறு நாளில் ஒட்டுகிற ஆபத்து அடியோடு போய்விடும், வீட்டுக்குப் போகலாம் என்று வைத்தியரம்மா கையெழுத்தே போட்டுக் கொடுத்துவிட்டார். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், மாப்பிள்ளை படித்துப் பார்த்துத் திருப்தி ஆகட்டும். கடைசி வட்டம் இடது தோள்பட்டைக்குக் கீழே இருக்கிறது. அதுதான் பிடிவாதமானது. நாற்பதாம் நாள் வரை நிற்கும், அதற்குமேல் நிற்காது என்கிறார். உனக்குச் சொன்ன தேதியை அவரிடம் காட்டினேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, பிள்ளை வருவதும் அந்த வட்டம் போவதும் நாலைந்து நாள் முன்னே பின்னே இருக்கும் என்று எழுதினார். எதற்குக் கேட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

ஆகவே, அம்மா எழுதினதை மறந்துவிட்டுக் கிளம்பி வா. அடுத்த வாரமே வா. நாள் நெருங்குவதற்குள் பயணம் முடிந்துவிட வேண்டும். ஜன்னல் ஓரமாக உட்காராதே, தனியாகப் பெட்டியைத் தூக்காதே, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் சொல், என் தங்கையை அனுப்புகிறேன். அவள் வழிநெடுகப் பேசுவாள், பொறுத்துக்கொள். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். வண்டியை விட்டு இறங்கினதும் எழுதிக் காட்டப் பை திறந்து பேப்பர் தேடாதே. வாயைத் திறந்து பேசு. எது வேண்டுமானாலும் பேசு. உன் குரல் கல்யாணத்துக்கு முன்பு எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு மங்கலான ஞாபகம் இருக்கிறது, அது சரியா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல். அவசரம் ஒன்றும் இல்லை. யாருக்காகவும் முந்திக்கொண்டு வர வேண்டாம், நாள் முழுக்க இருந்து, நன்றாகச் சதை போட்டுக்கொண்டு, அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும். முன்னால் வந்தால் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு அறை வாசலில் நிற்பேன். பின்னால் வந்தால் கழுவின கையோடு நிற்பேன். எப்படியும் நிற்பேன்.

இரண்டு உயிரும் சுகமாக வந்து சேருங்கள்.

காத்திருக்கும்
அப்பா